கிளிஃபர்டின் தீவும் பிள்ளை பிடிக்கிறவர்களும்

நம்பிக்கைக்கும் அறத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய கப்பலில் ஏறித்தான் வருவார்கள். அந்தக் கப்பலைக் கடலில் இறக்கிவிட்டவர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர். 1876 ஏப்ரலில் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்ற சபையில் ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையை அவர் வாசித்தபோது வயது 30. கவிஞர் டென்னிசன், அறிவியலாளர் ஹக்ஸ்லி, பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், கத்தோலிக்கப் பேராயர் மேனிங் எல்லோரும் உறுப்பினர்களாக இருந்த சபை அது. கடவுள் உண்டா இல்லையா என்று பெரிய மனிதர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்ட இடம். கட்டுரை 1877 ஜனவரியில் ‘கன்டெம்பரரி ரிவ்யூ’ இதழில் அச்சேறியது. 1879 மார்ச்சில், மடைரா தீவில், காசநோயால் கிளிஃபர்ட் இறந்துபோனார். 33 வயது.

கப்பல் கதை எளியது. பிழைப்பு தேடி வேறு நாட்டுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட இருக்கிறது. பழைய கப்பல், கட்டியபோதே அவ்வளவு உறுதியில்லை, பலமுறை பழுது பார்த்தாயிற்று. முதலாளிக்கு இதெல்லாம் தெரியும், அதனால்தான் அவருக்கு மனம் உறுத்துகிறது. முழுக்கச் சோதித்துச் சரிசெய்ய நிறையச் செலவாகும். எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல் இந்தத் தடவையும் வந்துவிடும், ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட மாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லிச் சந்தேகத்தை அமுக்குகிறார். கடைசியில் மனதார நம்பியும் விடுகிறார். கலக்கமில்லாமல் வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுத் தொகை வந்து சேருகிறது. அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தன் கையில் இருந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு.

அன்றைய லண்டன்காரர்களுக்கு இது கற்பனைக் கதையாகப் பட்டிருக்காது. ஓட்டைக் கப்பல்களைக் கூடுதல் தொகைக்குக் காப்பீடு செய்து, அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பும் முதலாளிகளுக்கு எதிராக சாமுவேல் பிலிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார். கப்பலின் பக்கத்தில் சுமை எல்லைக்கோடு வரைவதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததும் அதே 1876இல்தான். கிளிஃபர்டுக்கும் கப்பல் உடைவது கேள்விச் செய்தியல்ல. 1870இல் சூரிய கிரகணத்தை ஆராயப் போன குழுவோடு சென்றபோது சிசிலிக் கரையோரம் கப்பல் சிதைந்து உயிர் தப்பியவர் அவர்.

தத்துவ வகுப்புகள் அநேகமாக இந்த இடத்தில் கப்பலை விட்டு இறங்கிவிடுகின்றன. கட்டுரையில் அடுத்ததாக ஒரு தீவு வருகிறது.

அந்தத் தீவில் சிலர் வேறொரு மதத்தைப் பின்பற்றுகிறார்கள். ஆதிபாவம், நித்திய நரகம் இரண்டையும் போதிக்காத மதம். தங்கள் கொள்கையைப் பிள்ளைகளுக்குப் புகட்ட அவர்கள் முறைகேடான வழிகளைக் கையாள்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் பரவுகிறது. சட்டத்தை வளைத்துப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கிறார்களாம். பிள்ளைகளைத் திருடிக்கொண்டுபோய் உற்றார் உறவினர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்களாம். கொதித்தெழுந்த சிலர் சங்கம் வைத்துக் கிளர்ச்சி செய்கிறார்கள். மதிப்போடு வாழ்ந்தவர்கள்மீது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார்கள், அவர்களுடைய தொழிலைக் கெடுக்கிறார்கள். கூச்சல் பெரிதாகி ஒரு விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது. குழு எல்லாவற்றையும் ஆராய்ந்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிரபராதிகள் என்கிறது. இன்னொன்றையும் சொல்கிறது: கிளர்ச்சிக்காரர்கள் கொஞ்சம் நேர்மையாக விசாரித்திருந்தால் இந்த உண்மை அவர்களுக்கே சுலபமாகக் கிடைத்திருக்கும்.

பிள்ளைத் திருடர்கள் என்ற வதந்திதான் கிளிஃபர்டின் இரண்டாவது கதை. இந்தியாவில் 2018ஐக் கடந்து வந்த ஒரு வாசகர் இந்தப் பக்கத்தைச் சாதாரணமாகப் புரட்டிவிட முடியாது.

அந்த ஆண்டு மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்டு நின்றது. அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று செய்தி பரவியது, கூட்டம் கூடியது, 65 வயதுப் பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். வட இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்திகள் அதற்கு முந்தைய வாரங்களில் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், சந்தை நாளில் வந்த நாடோடிச் சமூகத்தவர் 5 பேரை ஊராட்சி அலுவலகத்துக்குள்ளேயே அடித்துக் கொன்றார்கள். ஹைதராபாத்தில் ஒரு திருநங்கை. கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், மறுபடியும் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த கார் பயணிகளில் ஒருவர். இந்தக் கொலைகளுக்கு முன்னால் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசி நொடிகளை வெட்டிவிட்டார்கள்.

வெட்டியவர் பொய்யர். அவரைப் பற்றி அறவியலுக்குப் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. குழப்பம், அதை உண்மை என்று எண்ணி, பதறிப்போய், ‘உங்கள் குழந்தைகள் பத்திரம்’ என்று சேர்த்து எழுதித் தன் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய பல லட்சம் பேரைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலானோர் ஒரு ஈயைக்கூட அடித்திருக்க மாட்டார்கள். கப்பல் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது. இவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நல்லெண்ணத்தில் செய்தார்கள். கிளிஃபர்ட் இவர்களையும் விடுவதாக இல்லை. நம்பிக்கை என்பது அவரவர் சொந்த விஷயம் என்ற எண்ணத்தையே அவர் ஏற்கவில்லை. கிராமத்துச் சாராயக் கடையில் உட்கார்ந்து மெதுவாக நாலு வார்த்தை பேசுகிற மனிதன்கூடத் தன் கூட்டத்தை அரிக்கும் மூடநம்பிக்கையை வளர்க்கவோ கொல்லவோ செய்கிறான், உழைத்துக் களைத்த தொழிலாளியின் மனைவி தன் பிள்ளைகளுக்குக் கடத்தும் நம்பிக்கைகள் சமூகத்தைப் பிணைக்கவோ பிளக்கவோ செய்யும் என்று எழுதினார். சாமானியர்மீது இவ்வளவு பாரத்தைச் சுமத்துவது விக்டோரியா காலத்துக் கடுமை என்று நெடுநாள் கேலி செய்யப்பட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் வந்து சேர்ந்த பிறகு கேலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

தீவுக் கதைக்குப் பிறகு கிளிஃபர்ட் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். ஒருவேளை குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்துவிட்டால்? இன்னும் நுணுக்கமான விசாரணையில் அந்த மதத்தவர் பிள்ளைகளைத் திருடியது நிரூபணமானால், கிளர்ச்சிக்காரர்கள் நல்லவர்களாகிவிடுவார்களா? மாட்டார்கள், கண்டுபிடிக்கப்படாத குற்றவாளிகளாக மட்டுமே இருப்பார்கள் என்கிறார். சரியான விடையைத் தற்செயலாக எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்கலாம், கணக்குத் தெரிந்தவன் என்று பெயர் கிடைக்காது.

இதற்கு வரலாற்றில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1750 மே மாதம் பாரிஸ் நகரம் கலவரத்தில் எரிந்தது. போலீஸார் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது வதந்தி. குஷ்டம் பிடித்த அரசன் பதினைந்தாம் லூயி குளிப்பதற்குக் குழந்தைகளின் ரத்தம் வேண்டுமாம் என்றும் பேச்சு. மே 23 அன்று கூட்டம் ஒரு போலீஸ்காரரைத் துரத்திப் பிடித்து அடித்துக் கொன்றது. ஆகஸ்டில் கலவரக்காரர்கள் 3 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இதில் சங்கடமான செய்தி என்னவென்றால், போலீஸார் உண்மையிலேயே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தெருவில் சுற்றுவோரை அப்புறப்படுத்தும்படி வந்த உத்தரவின் பேரில், பிடித்த தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொண்டு, கைவினைஞர்களின் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆர்லெட் ஃபார்ஜ், ஜாக் ரெவெல் என்ற இரு பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களிலிருந்து இந்தக் கலவரத்தைத் தனி நூலாக எழுதியிருக்கிறார்கள்.

ஆக, பாரிஸ் மக்களின் சந்தேகத்தில் பாதி உண்மை. அவர்களிடம் ஆதாரமும் இருந்தது: அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் காணாமல் போனார்கள், வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கிளிஃபர்டின் அளவுகோலில் அந்தப் பாதி தேறிவிடும். ரத்தக் குளியல் தேறாது. ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்த இரண்டு செய்திகளில் ஒன்றை நம்பக் காரணம் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. கூட்டம் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. வதந்திகள் பெரும்பாலும் இப்படி உண்மையின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வருகின்றன. இந்தியாவிலும் குழந்தைகள் காணாமல் போவது பொய்யல்ல. காணாமல் போன பிள்ளையின் புகாரைக் காவல் நிலையம் அலட்சியமாக வாங்கிய அனுபவமும் ஏழைகளுக்குப் புதிதல்ல.

கிளிஃபர்டுக்கு வந்த மறுப்புகளில் புகழ்பெற்றது அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் யேல், பிரவுன் பல்கலைக்கழகத் தத்துவ மன்றங்களில் ஆற்றிய உரை. ஆதாரம் போதவில்லை என்று காத்திருப்பதும் ஒரு முடிவுதான் என்றார் ஜேம்ஸ். தவறிவிடக் கூடாது என்ற பயம் ஒரு பக்கம், உண்மை கைநழுவிவிடக் கூடாது என்ற ஆசை மறுபக்கம். இரண்டில் எது பெரிது என்பதை ஆதாரம் சொல்லாது, மனம்தான் சொல்லும். தேர்வு உயிருள்ளதாக, தள்ளிப்போட முடியாததாக, பெரும் விளைவுள்ளதாக இருந்து, அறிவால் தீர்க்கவும் முடியாதபோது உணர்வின் வழி நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. ஜேம்ஸின் மனதில் இருந்தது மத நம்பிக்கை. ஆனால் அத்திமூர்க் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு வழக்கறிஞர் வைக்க வேண்டுமென்றால் ஜேம்ஸைத்தான் வைக்க வேண்டியிருக்கும். ‘உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? போவது பிள்ளையின் உயிர் அல்லவா?’ உயிருள்ள கேள்வி, அவசரமான கேள்வி, விளைவு பெரியது.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதோடு ஒரு கண்கட்டும் இருக்கிறது. வதந்தியைக் கேட்ட ஒரு தாய் இரண்டு நாள் பிள்ளையைத் தெருவுக்கு விடாமல் வைத்திருந்தால் அவள் செய்ததில் பிழை காண முடியாது. அதற்கு அவள் வதந்தியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. இருக்கலாம் என்ற எண்ணம் போதும். ஆதாரம் நம்பும் அளவுக்கு இல்லாவிட்டாலும், சாத்தியத்தை வைத்துச் செயல்பட வேண்டிய கட்டம் வரும், அது கடமையும்கூட என்று கிளிஃபர்டே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவரைக் கண்டிப்பான வாத்தியாராகச் சித்தரிப்பவர்கள் இந்த வரிகளைப் பேசுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவரைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பதற்கோ ‘இருக்கலாம்’ போதாது. அதற்கு முழு நம்பிக்கை வேண்டும். பயம் கதவைச் சாத்துவதற்குத்தான் அனுமதி தருகிறது. அந்த அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் கூட்டம் கம்பத்தடிக்கு வந்து சேர்கிறது.

நம்புவதும் நம்பாததும் நம் கையிலா இருக்கிறது என்றும் கேட்கப்படுகிறது. தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இதை விரிவாக வாதித்தவர். நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன், இன்று மழை பெய்கிறது என்று நம்பு என்றால், வெயிலில் நிற்பவரால் நம்ப முடியாது. கையில் இல்லாததற்கு எப்படிப் பொறுப்பேற்பது? ஆனால் கப்பல் முதலாளியின் கதையை மறுபடி பார்த்தால் கிளிஃபர்ட் குறை சொல்வது கடைசியில் வந்து சேர்ந்த நம்பிக்கையை விடவும், அதற்கு முந்தைய வாரங்களைத்தான். தச்சரைக் கூப்பிடாதது, சந்தேகம் தலைதூக்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, ஆறுதலான காரணங்களை மட்டும் தேடி எடுத்தது. இவை ஒவ்வொன்றும் அவர் கையில்தான் இருந்தன.

இந்த முந்தைய கட்டத்தைத் தமிழ்த் தர்க்க மரபு மிக நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் மாறுவேடத்தில் சமயவாதிகளைச் சந்திக்கும் மணிமேகலைக்கு அளவைவாதி அறிவின் வழிகளை அடுக்கிக் காட்டுகிறான். சரியான அளவைகள் பத்து, போலிகள் எட்டு. போலிகளில் ஐயம் என்பதும், தேராது தெளிதல் என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு ஒரே தறிதான். தூரத்தில் நிற்பது நட்ட கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். அதே கட்டையைச் செண்டுவெளியில் பார்த்துவிட்டு, ஆராயாமல் மனிதன் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஐயத்தையும் போலி என்று வகைப்படுத்தியிருப்பது கவனிக்க வேண்டியது. சந்தேகத்திலேயே நின்றுவிடுவது அறிவாகாது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். போகாமல் தெளிந்துவிடுவது தனிக் குற்றம். சுவையான செய்தி, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் வழிவழியாகச் சொல்வதை நம்பும் ‘ஐதிகம்’ அதே அளவைவாதியின் நல்ல பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஊர்ச்சொல்லை என்ன செய்வது என்ற தலைவலி அப்போதே இருந்திருக்கிறது.

பேய் என்ற பேச்சு வந்ததால், நீதிமன்றம் வரை போன ஒரு பேயைப் பார்த்துவிடலாம்.

1958 மே மாதம், ஒரிசாவின் ரசகோவிந்தபூரில் கைவிடப்பட்ட விமானத் தளம். பழைய இரும்பு வாங்க கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவருடன் நேபாளி வேலையாள் ஒருவர் வந்திருந்தார். அந்தத் தளத்தில் பேய்கள் உலவுவதாக ஊரே நம்பியது. நள்ளிரவில் அவ்வழியே நடந்தபோது தூரத்தில் ஒரு வெளிச்சம் அசைந்தது, அதைச் சுற்றி உருவங்கள். வேலையாள் குக்ரிக் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து வெட்டினார். அலறல் கேட்ட பிறகுதான் தெரிந்தது: அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு இலுப்பை மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் அந்த வேலையாளின் விடுதலையை உறுதி செய்தது. நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டு, தான் செய்வது சட்டப்படி சரி என்று நல்லெண்ணத்தில் நம்பிச் செய்தது குற்றமாகாது என்ற தண்டனைச் சட்டம் 79ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றியது. இன்னும் கூடுதலாகக் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்பதற்காக அந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

‘நல்லெண்ணம்’ என்றால் என்ன என்பதில் இந்தியச் சட்டப் புத்தகங்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும், நம்பிய எதுவும், நல்லெண்ணத்தில் செய்ததாகவோ நம்பியதாகவோ ஆகாது. நம்பியது என்பதையும் சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. கிளிஃபர்ட் வாசித்ததற்கு 16 ஆண்டு முன்பே அவருடைய சாரம் சட்டமாகிவிட்டது. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டமோ, கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் அது நல்லெண்ணமே என்கிறது. சிவில் விவகாரங்களுக்கு மனசாட்சி போதும். உடம்பும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பழைய 52ஆம் பிரிவின் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. வதந்தி பரப்புவதைத் தண்டிக்கும் பிரிவிலும் இதே வாசல் இருக்கிறது: உண்மை என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, நல்லெண்ணத்தில், தீய நோக்கமின்றிப் பரப்பியவர் குற்றவாளி ஆகமாட்டார். ‘அப்படியே ஃபார்வர்டு பண்ணினேன் சார்’ என்பது இந்த வாசலுக்குள் நுழையுமா என்பது பதிலில்லாத கேள்வியல்ல. தகுந்த காரணம் எங்கே, கவனம் எங்கே என்று சட்டம் கேட்கும். வழக்கு அங்கே போய்ச் சேருவதுதான் அபூர்வம்.

குக்ரி வேலையாளை மன்னிக்கவும் ரெயின்பாடாக் கூட்டத்தை மன்னிக்காமல் இருக்கவும் என்ன வேறுபாடு? நேரம். இருட்டு, பயம், சில கணங்கள்: அதில் விசாரிக்க இடமில்லை. 5 பேரைச் சந்தையிலிருந்து இழுத்து வந்து ஊராட்சி அலுவலக அறையில் அடைத்து அடிப்பதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் செல்பேசியில் வீடியோ எடுத்தார்கள். வீடியோ எடுக்க முடிந்தவர்களால் அதே செல்பேசியில் காவல் நிலையத்தைக் கூப்பிட்டிருக்க முடியும். இன்னொரு வேறுபாடு, யார் சந்தேகிக்கப்பட்டார்கள் என்பது. நாடோடிகள், இந்தி பேசும் கூலிகள், மனநலம் குன்றியவர்கள், திருநங்கைகள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த சகுந்தலா பானாஜியும் ராம் பட்டும் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, படிப்பறிவில்லாததால் ஏமாந்தார்கள் என்ற வசதியான விளக்கத்தை ஏற்கவில்லை. ஏற்கெனவே மனதில் இருந்த வெறுப்பும் தப்பெண்ணமுமே செய்தியை நம்பவும் பரப்பவும் தூண்டின என்றது. கிளிஃபர்டின் தீவிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வேற்று மதத்தினர் என்பது தற்செயலல்ல. ஆதாரம் குறைவாக இருக்கும்போது மீதி இடத்தைப் பழைய பகை நிரப்பிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் கிளிஃபர்டின் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் தாமே விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதையே பெரும்பாலோர் பிறர் சொல்லித்தான் நம்புகிறார்கள். கிளிஃபர்டும் இதை மறுக்கவில்லை. சொல்பவர் நேர்மையானவரா, தான் சொல்வதை அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்று பார்த்து ஏற்கலாம் என்றார். இந்தியத் தர்க்கப் பள்ளியான நியாய தரிசனம் ‘ஆப்தர்’ என்று சொல்வதும் ஏறக்குறைய இதே ஆள்தான்: நேரடியாக அறிந்தவர், அறிந்ததை அப்படியே சொல்ல விரும்புபவர். தீவில் ஒரு விசாரணைக் குழு இருந்தது, அது நேர்மையாக நடந்தது, அதன் அறிக்கையை மக்கள் ஏற்றார்கள். அப்படி ஓர் ஆப்தர் ஊரில் இல்லாவிட்டால்?

திரிபுராவில் அந்தக் கேள்விக்குக் கொடூரமான விடை கிடைத்தது. 2018 ஜூன் இறுதியில் அங்கே பிள்ளை பிடிக்கும் வதந்தி முற்றியபோது, மாநில அரசின் தகவல் துறை ஒருவரை நாள் கூலிக்கு அமர்த்தி ஒலிபெருக்கியுடன் ஊர் ஊராக அனுப்பியது. வதந்திகளை நம்பாதீர்கள் என்று அறிவிப்பதுதான் வேலை. தெற்குத் திரிபுராவில் ஒரு சந்தையில் அவரையே பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லிக் கொன்றுவிட்டார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் கேட்டவர்களுக்கு அவர் யாரோ ஒரு அந்நியர், வண்டியில் வந்தவர்.

அதே ஆண்டின் வெயில் காலத்தில் தெலங்கானாவின் கத்வால் பகுதியில் வேறு விதமாக நடந்தது. அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி, காவலர் ஒவ்வொருவருக்கும் சில கிராமங்களைப் பிரித்துக் கொடுத்து, அடிக்கடி போய்ப் பழகச் சொல்லியிருந்தார். கோடையில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கும் ஊரில், இருட்டியதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வதை அப்படிப் போன ஒரு காவலர் கவனித்தார். காரணம் கேட்டபோதுதான் செல்பேசிகளில் சுற்றிய வீடியோக்கள் வெளிவந்தன. காவல் துறை சுமார் 400 கிராமங்களிலும் ஆட்களை இறக்கியது. தப்படித்து, நாட்டுப்புறப் பாட்டுக் கட்டிப் பாடி, எது போலி என்று காட்டியது. சந்தேகம் வந்தால் தங்கள் ஊர்க் காவலரைக் கூப்பிடலாம் என்று மக்களுக்கு எண் தெரிந்திருந்தது. அந்தப் பகுதியில் அந்த வதந்தி யாருடைய உயிரையும் எடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, பொதுப்படையான பாடம் எடுப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பது ஐயத்துக்குரியது. அரசியல் அறிவியலாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 பொதுத் தேர்தலின்போது பீகாரில் 1,224 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதியினருக்கு வீடு தேடிப் போய் ஒரு மணி நேரம், போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகள் கற்றுத் தரப்பட்டன. பயிற்சி பெற்றவர்கள் மொத்தத்தில் மற்றவர்களைவிடத் திறமையாகப் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் விரிந்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் ஒரே ஓர் உரையாடல் என்ற வரம்பு வந்தது. இது யாரையும் நல்லவராக்காது. ஆனால் அனுப்புகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாக விரலை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பிலிம்சாலின் கோடும் கப்பல் முதலாளிகளின் மனசாட்சியைத் திருத்த வந்ததில்லை. கப்பலின் பக்கத்தில், துறைமுகத்தில் நிற்கும் எவர் கண்ணுக்கும் தெரியும்படி, அளவு மீறியிருக்கிறதா என்று காட்டியது, அவ்வளவே.